தண்ணீரூற்றில் ஒரு வாழைக்குட்டித் தோட்டம்

குட்டி கேட்டு எங்கள் வளவுக்கு வருபவரிடம் நான் எடுத்த எடுப்பில் இனத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கிணறு எந்தப் பக்கம், ஆவணியில் அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், சோளகம் அடிக்கும் திசையில் வேலி அடர்த்தியா, குலையைச் சந்தைக்குக் கொடுக்கப் போகிறாரா அல்லது வீட்டுக்கும் கோயிலுக்குமா என்று கேட்பேன். பதில் வந்த பிறகுதான் அலவாங்கைக் கையில் எடுப்பேன். இறைக்க வசதியில்லாத மேட்டுக் காணியில் இதரையை வைத்துவிட்டு மழையைப் பார்த்திருப்பவருக்கு அடுத்த வருடம் குலையும் மிஞ்சாது, குட்டியும் மிஞ்சாது. அதே இடத்தில் மொந்தன் நின்று பிடிக்கும்.

அப்பாவிடம் கற்ற தொழில் இது. முள்ளியவளையை ஒட்டிய தண்ணீரூற்றில், ஊற்றங்கரைப் பிள்ளையார் கோயில் பக்கத்து வளவுகளுக்கு நிலத்தடித் தண்ணீர் பெரிய கொடை. வன்னியின் மற்ற இடங்களில் குளத்தை நம்பி நெல் விதைக்கிறார்கள். நாங்கள் கிணற்றை நம்பித் தோட்டம் செய்கிறோம். தென்னைக்கும் கமுகுக்கும் இடையில், கிணற்றடி வாய்க்கால் ஓரத்தில், அடுப்படிக்குப் பின்னால் என்று எங்கும் வாழை நிற்கும். அப்பா குலை விற்றார். குலையைவிடக் குட்டி விற்பதில் அவருக்கு நாட்டம் அதிகம். முத்தையன்கட்டு, ஒட்டுசுட்டான், குமுழமுனைப் பக்கத்தில் இருந்தெல்லாம் மாட்டு வண்டி கொண்டு வருவார்கள். எந்த வீட்டுக்கு எந்த இனம் போனது என்று கொப்பி ஒன்றில் எழுதி வைப்பார். அந்தக் கொப்பி இப்போது இல்லை. அவர் ஏன் எழுதினார் என்பது மட்டும் எனக்கு நன்றாக விளங்கியிருக்கிறது.

வாழைக்கு விதை இல்லை. நெல்லையும் பயறையும் போலக் குதிரில் போட்டு வைக்க முடியாது. பழத்தை நறுக்கினால் நடுவில் தெரியும் கறுப்புப் புள்ளிகள், விதையாக வேண்டியவை ஆகாமலே நின்றுபோனதன் அடையாளம். காட்டு வாழைக்கு விதை உண்டு. இலங்கையின் ஈரவலயக் காடுகளில் அவை இன்னும் நிற்கின்றன. பழத்தைக் கடித்தால் பல்லுக்குக் கெடுதி, அவ்வளவு கல் விதை. அந்தக் காட்டு வாழைகளில் இரண்டு வகைதான், மூசா அக்குமினாட்டாவும் மூசா பல்பிசியானாவும், நாம் உண்ணும் ஏறத்தாழ எல்லா வாழைக்கும் தாய் தந்தை. காட்டு வாழைக்கு 22 நிறமூர்த்தங்கள். நம்முடைய தோட்டத்து வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு 33. சோடி சேராத அந்த ஒற்றைப் பங்கால் விதை ஒழுங்காக உருவாவதில்லை. மகரந்தம் சேராமலே காய் பெருக்கும் குணமும் சேர்ந்ததால் விதையில்லாத சதை கிடைத்தது. இப்படி ஒரு மரம் காட்டோரத்தில் தற்செயலாகத் தோன்றிய நாளில் யாரோ ஒருவர் அதன் குட்டியைப் பெயர்த்து வீட்டடியில் நட்டார். பப்புவா நியூகினியின் மலைநாட்டில் கூக் என்ற சதுப்பு நிலத்தைத் தோண்டியவர்கள், அங்கே ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிட்டதற்குச் சான்று கண்டார்கள்.

அன்று தொடங்கி இன்றுவரை குட்டி கைமாறித்தான் வாழை வந்திருக்கிறது. ஆகவே எங்கள் வளவில் நிற்கும் கதலியும் நீர்வேலியில் நிற்கும் கதலியும் தாயும் பிள்ளையும் அல்ல, ஒரே உடம்பின் துண்டுகள். ஒன்றைக் கொல்லும் நோய் மற்றதையும் கொல்லும். அந்த உடம்பை வைத்திருந்த கடைசி வீடு கைவிட்டால் இனம் போய்விடும். திரும்ப முளைப்பதற்கு மண்ணில் விதை கிடக்காது.

சந்தைக்கு என்றால் கதலி. தெற்கில் அம்புல் என்று விற்பதும் தமிழ்நாட்டில் பூவன் என்று சொல்வதும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். பாரம் தாங்கும், லொறியில் அடிபட்டாலும் சீக்கிரம் கெடாது, வேரால் வரும் வாடலுக்கு லேசில் மடங்காது. இதரை விலை கூடியது, தோல் மெல்லியது, தண்ணீர் குறைந்தால் முகம் வாடிவிடும். கப்பல் பருத்த பழம். ஆனைவாழையைக் கல்யாண வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். மொந்தன் கறிக்கு. தோலையும் வறை செய்யலாம், தண்டையும் பொத்தியையும் விடுவதில்லை. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் வைகாசியில் வரும். அதற்குக் குலை வேண்டும் என்று நேர்ந்திருப்பவர்கள் மாசியிலேயே பொத்தி தள்ளிய மரத்தைப் பார்த்து வைப்பார்கள். பொத்தி தள்ளி மூன்று மாதமளவில் குலை முற்றும் என்ற கணக்கு இங்கே பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இத்தனைக்கும் நடுவில் எங்கள் வளவில் பெயரில்லாத ஒரு வாழை இருக்கிறது. நாங்கள் கிணற்றடி வாழை என்போம். அம்மாச்சி காலத்தில் இருந்தே அது அங்கேதான். காய் நாலு பக்கமும் விளிம்பு கட்டிக் குட்டையாக இருக்கும், மேலே சாம்பல் பூத்திருக்கும். காயாகப் பிடுங்கினால் கறி, பழுக்க விட்டால் லேசான புளிப்போடு மாப்போன்ற பழம். வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு அம்மாச்சி இதைத்தான் அவித்து மசித்துக் கொடுப்பார். மொந்தன்தானே இது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காம்பும் சீப்பின் நெருக்கமும் வேறு என்பது தெரியும்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாயபீடத்தில் படித்த ஒரு பிள்ளை ஒருமுறை வாழை இனங்களைப் பார்க்க வந்தாள். "அன்ரி, உந்த இலைக்காம்பை நடுவால ஒருக்காக் குறுக்கை வெட்டித் தாங்கோ" என்றாள். வெட்டிக் கொடுத்தேன். கதலியின் இலைக்காம்பில் வாய்க்கால் விரிந்து கிடந்தது. கிணற்றடி வாழையின் காம்பில் இரண்டு கரையும் உள்நோக்கி வளைந்து கிட்டத்தட்ட மூடியிருந்தது. பிறகு பொத்தியைப் பார்த்தாள். மடல் மேலே எழும்பி நின்றதே தவிரச் சுருண்டு பின்னால் மடியவில்லை. உட்பக்கம் நல்ல செக்கச்சிவப்பு. அடியில் இருந்த ஆண்பூக்களில் இளஞ்சிவப்புச் சாயல். தண்டில் கறுப்புத் திட்டுகள் மிகக் குறைவு. 1955இல் சிமண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இப்படி 15 அடையாளங்களை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி கொடுத்து, ஒரு வாழையில் எந்தக் காட்டுத் தாயின் பங்கு எவ்வளவு என்று மதிப்பிடும் முறையை எழுதினார்கள். முழு அக்குமினாட்டாவுக்கு 15 புள்ளி, முழு பல்பிசியானாவுக்கு 75. எங்கள் கிணற்றடி வாழை பல்பிசியானாப் பக்கம் நன்றாகச் சாய்ந்தது. அக்குமினாட்டா ஒரு பங்கு, பல்பிசியானா இரண்டு பங்கு இருக்க வேண்டும், மரபணுவைப் பார்த்தால்தான் உறுதி என்று சொன்னாள். பல்பிசியானாவின் பங்கு கூடக்கூட வறட்சி தாங்கும் குணமும் கூடும் என்றும் சொன்னாள். அதை நான் அதற்கு முன்பே கண்ணால் கண்டிருந்தேன்.

2008 கடைசியில் யுத்தத்தால் ஊரை விட்டுப் போனோம். போகும்போது கிணற்றடியில் நின்ற குலையை வெட்டிப் பாதையில் சாப்பிட எடுத்துக்கொண்டோம். குட்டி எடுக்கிற எண்ணம் யாருக்கும் வரவில்லை, வரவும் முடியாது. பிறகு செட்டிக்குளம் மெனிக் பாம் முகாம். 2010இல் வளவுக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்குக் கட்டு இல்லை, பற்றைக்குள் கால் வைக்கக் கண்ணிவெடி அகற்றியவர்களின் அனுமதி வேண்டியிருந்தது. அனுமதி கிடைத்ததும் நான் முதலில் பார்த்தது வாழையடிகளைத்தான். இதரை இல்லை. கோழிக்கூட்டு இல்லை. செவ்வாழை நின்ற இடத்தில் மாடு உழக்கிய பள்ளம். ஆனைவாழை முழுக்க யானையின் வயிற்றுக்குள் போயிருந்தது. கதலி ஒரு மூலையில் மெலிந்து நூலாக நின்றது. மொந்தனும் கிணற்றடி வாழையும் ஒரு வாளி தண்ணீர் கூட ஊற்ற ஆளில்லாத இரண்டு கோடையைத் தாண்டிப் புதராக அடர்ந்து நின்றன. அந்தக் கிழமை அந்த மொந்தன் காயில்தான் கறி வைத்தோம்.

போன இனங்களைத் தேடத் தொடங்கியபோதுதான் அப்பாவின் கொப்பி எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கியது. கொப்பி போய்விட்டாலும் குட்டி போன வீடுகள் அம்மாவின் நினைவில் இருந்தன. எங்கள் இதரையின் குட்டி வவுனியா நெளுக்குளத்தில் சின்னம்மா வீட்டில் கிடைத்தது. அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்து விட்டதாம். கப்பல் நீர்வேலியில் இருந்து வந்தது. செவ்வாழை வந்த வழியை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

தண்ணீரூற்றில் முஸ்லிம் குடும்பங்கள் எங்களோடு வேலிக்கு வேலி இருந்தவை. 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது அவர்களும் போனார்கள். எங்கள் பக்கத்து வளவு வாப்பா, அப்பாவிடம் அடிக்கடி குட்டி வாங்கியவர். வெறுங்கையோடு போனவர், பிறகு வியாபாரமாகப் போய்வந்த ஒருவர் மூலம் எங்கள் செவ்வாழைக் குட்டி ஒன்றைப் புத்தளத்துக்கு எடுப்பித்து அங்கே நட்டிருக்கிறார். யுத்தம் முடிந்து அவருடைய மகன் காணி பார்க்க வந்த நாளில் சாக்கில் சுற்றிய குட்டி ஒன்றை எங்கள் திண்ணையில் வைத்தார். "வாப்பா சொன்னவர், இது உங்கட சாமான், திருப்பிக் குடு எண்டு" என்றார். அப்பா அப்போது இல்லை. எங்கள் வளவில் இன்று நிற்கும் செவ்வாழை முழுவதும் அந்தக் குட்டியின் வழி. இருபது வருடம் அந்தக் குடும்பம் தங்கள் சொந்த மண்ணுக்கு வர முடியாமல் இருந்தது. அந்த இருபது வருடமும் எங்கள் ஊர் வாழையைத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். இதற்கு நான் என்ன கைம்மாறு செய்வது?

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த இனத்தையும் என் வளவில் மட்டும் வைத்திருப்பதில்லை. ஒவ்வொன்றிலும் மூன்று குட்டி, மூன்று வீட்டுக்கு. மூன்றும் ஒரே ஒழுங்கையில் இருக்கக் கூடாது. ஒன்று ஊருக்குள், ஒன்று இன்னொரு குளத்துப் பக்கம், ஒன்று மாவட்டத்துக்கு வெளியே. காசு வாங்குவதில்லை, ஒரு நிபந்தனை மட்டும்: முதல் குட்டி வந்ததும் அவர்கள் இன்னொரு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். புதுக் கொப்பியில் எழுதி வைக்கிறேன்.

குட்டி கொடுப்பதில் ஆபத்தும் இருக்கிறது. குட்டியோடு நோயும் போகும். உச்சி இலைகள் விரிய இடமின்றி ஒடுங்கி, நிமிர்ந்து, கொத்தாக அடைத்துக்கொண்டு நிற்கும் வாழையை எல்லோரும் கண்டிருப்பீர்கள். முடிக்கொத்து நோய். வைரசு. வாழையில் ஒட்டியிருக்கும் கபில நிறப் பேன்தான் பரப்பும். 1889இல் பீஜித் தீவில் முதலில் எழுதி வைக்கப்பட்ட இந்த நோய் 1913 அளவில் இலங்கைக்கு வந்துவிட்டது. 1940 அளவில் இங்கிருந்து திருவிதாங்கூருக்குப் போனது. அது பிறகு தமிழ்நாட்டுக்குள் பரவிக் கீழ்ப்பழனி மலையின் விருப்பாட்சி வாழையை வேரோடு அழிக்கப் பார்த்தது. இழைய வளர்ப்பு முறையில் நோயற்ற கன்று எடுத்துத்தான் அதை மீட்டார்கள். விருப்பாட்சிக்கும் சிறுமலை வாழைக்கும் 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒருவர் அன்போடு கொடுக்கும் குட்டிக்குள் இவ்வளவு கேடும் ஒளிந்திருக்கலாம் என்பதால் கொடுப்பவருக்குக் கண் வேண்டும்.

நான் பார்க்கும் விதம் இது. காலை வெயிலில் இளம் இலையின் அடிப்பக்கத்தைச் சூரியனுக்கு எதிரே பிடிப்பேன். நடு நரம்பை ஒட்டிக் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக, தூண்டில் வளைவாக நரம்புக்குள் இறங்கினால் அந்த அடியில் இருந்து குட்டி எடுப்பதே இல்லை. நோய் கண்ட அடியை உடனே வெட்டி வீழ்த்தவும் கூடாது. வெட்டி ஆட்டினால் பேன் பக்கத்து மரத்துக்கு ஏறிவிடும். முதலில் குருத்துக்குள்ளும் மடல் இடுக்கிலும் மண்ணெண்ணெய் விட்டுப் பேனைக் கொல்ல வேண்டும், பிறகு கிழங்கோடு தோண்டி, துண்டு துண்டாகக் கொத்தி உலர விட வேண்டும். 1920களில் இந்த நோயால் அவுஸ்திரேலியாவின் வாழைத் தொழில் படுத்தபோது மகீ என்ற ஆராய்ச்சியாளர் பேன்தான் காவி என்று நிறுவினார். நோய் கண்டதைத் தோண்டி அழிப்பதை அங்கே சட்டமாக்கித்தான் தொழிலை மீட்டார்கள்.

நல்ல அடியில் இருந்தும் எந்தக் குட்டியையும் எடுத்துவிட முடியாது. அகன்ற இலை விட்ட குட்டி பார்க்க வடிவு, கிழங்கில் பலம் இல்லை. வாள்போல ஒடுங்கிய இலையோடு அடி பருத்து நிற்கும் குட்டிதான் தாய்க் கிழங்கோடு ஆழமாக ஒட்டியிருக்கும். அதை எடுத்து வேரையெல்லாம் சீவி, கிழங்கின் மேல்தோலை வெள்ளை தெரியும்வரை செதுக்குவேன். கிழங்கு வண்டு குடைந்த கறுப்புப் பொந்து இருந்தால் அங்கே தெரிந்துவிடும். வெள்ளையில் மண்ணிற வளையமோ கோடோ தெரிந்தால் அந்தக் குட்டியும் நெருப்புக்குத்தான்.

அந்த மண்ணிறக் கோடு பனாமா வாடலின் அடையாளம். பியூசேரியம் என்ற பங்கசு வேரால் ஏறி நீர்க்குழாயை அடைக்கும். கீழ் இலைகள் மஞ்சளாகி முறிந்து தண்டைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கும், அடித்தண்டு நெடுக்காக வெடிக்கும். கோழிக்கூட்டு, தமிழ்நாட்டு ரஸ்தாளி எல்லாம் ஒரே கூட்டம், இந்த நோய்க்கு மிகவும் இளகியவை. எங்கள் வளவின் தென்கிழக்கு மூலையில் கோழிக்கூட்டு இப்படித்தான் போனது. பங்கசு மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும் என்பதால் அந்த மூலையில் அதை மறுபடி வைக்கவில்லை. கதலி வைத்தேன். நிற்கிறது. ஒரே வளவில், ஒரே மண்ணில், ஒரு இனம் விழுந்த இடத்தில் இன்னொரு இனம் நிற்பதைக் கண்ட பிறகு, பல இனம் எதற்கு என்று கேட்பவருக்கு நான் நீட்டி முழக்கி விளக்கம் சொல்வதில்லை. அந்த மூலைக்குக் கூட்டிப்போய்க் காட்டுவேன்.

உலகச் சந்தையும் இதே பாடத்தைப் பெரும் விலை கொடுத்துப் படித்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் பெரும்பாலும் தின்றது குரோஸ் மிஷெல் என்ற ஒரே இனத்தை. மத்திய அமெரிக்காவில் காடு காடாக அதையே வைத்தார்கள். பனாமா வாடல் ஏறி, 1960 அளவில் அந்த வியாபாரமே கைமாறியது. கவென்டிஷ் வந்தது. அதையும் ஒரே இனமாகவே வைத்தார்கள். இப்போது அதே பங்கசின் நாலாம் வெப்பமண்டல வகை கவென்டிஷையும் கொல்கிறது. ஆசியாவில் தொடங்கி 2019இல் கொலம்பியாவிலும் 2021இல் பெருவிலும் உறுதியானது. இந்தியாவிலும் பீகாரில் வந்துவிட்டது. 2024 பெப்ரவரியில் அவுஸ்திரேலியா, இந்த நோயைத் தாங்கும்படி மரபணு மாற்றிய கவென்டிஷ் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. அந்த மரபணு எங்கிருந்து வந்தது? தென்கிழக்கு ஆசியாவின் ஒரு காட்டு வாழையில் இருந்து. எந்தச் சந்தையிலும் ஒரு சதத்துக்கும் விலைபோகாத, கல் விதை நிறைந்த வாழை. அதை யாரும் வெட்டித் தள்ளாமல் விட்டிருந்ததால்தான் இன்று பல கோடி டொலர்ப் பயிருக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது.

இனங்களைக் காக்க ஆய்வுகூடங்கள் இருக்கின்றன, அவற்றின் சேவை பெரிது. பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தில் 1985இல் தொடங்கிய அனைத்துலக வாழைச் சேமிப்பகத்தில் 1,500க்கு மேற்பட்ட வாழை மாதிரிகள் சோதனைக் குழாய்க்குள் 16 பாகை குளிரில் மெல்ல வளர்கின்றன. பெரும் பகுதியைத் திரவ நைதரசனில் மறை 196 பாகையில் உறையவும் வைத்திருக்கிறார்கள். 1993இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் தோட்டத்தில் 300க்கு மேற்பட்ட இனங்கள் மண்ணிலேயே நிற்கின்றன. நம் நாட்டில் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் தாவர மரபுவள நிலையம் இருக்கிறது. ஆனால் சோதனைக் குழாய்க்குள் இருக்கும் வாழையிடம் அதன் காயை எந்தப் பருவத்தில் பிடுங்கினால் கறிக்கு ஆகும், எந்தக் காற்றுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், வயிற்றோட்டத்துக்கு எப்படி அவிக்க வேண்டும் என்று கேட்க முடியாது. அந்த அறிவு அதை வைத்துச் சமைக்கும் வீட்டில்தான் இருக்கும். தவிர, ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும் என்றால் யாராவது கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். எங்கள் கிணற்றடி வாழையைப் போல வன்னியின் பின்வளவுகளில் பெயரில்லாமல் நிற்பவற்றை இதுவரை யார் கணக்கெடுத்தார்கள்?

மீள்குடியேற்றக் காலத்தில் உதவிக்கு வந்த அமைப்பு ஒன்று வீட்டுக்கு வீடு இழைய வளர்ப்புக் கதலிக் கன்று கொடுத்தது. நல்ல கன்று, நோயில்லை, ஒரே மாதிரி வளர்ந்தது. வெறும் காணியோடு நின்ற சனத்துக்கு அது கைக்காசு. அதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். கதலிக்கு இன்று நல்ல காலமும் கூட, யாழ்ப்பாணத்தில் இருந்து டுபாய் வரை போகிறது. எனக்கு மனம் பொறுக்காதது வேறு. அந்தக் கன்றுக்கு இடம் பிடிக்கப் பலர் வேலியோரம் நின்ற பழைய அடிகளைத் தோண்டி எறிந்தார்கள். நிரைக்கு நிரை அழகாக வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர்களும், பழைய அடியை ஒரு மூலையில் விட்டு வை என்று சொல்லவில்லை. கொடுத்த கன்றோடு அந்த ஒரு சொல்லும் வந்திருந்தால் எத்தனை அடி தப்பியிருக்கும்.

2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரையேறியது. விடிந்து பார்த்தபோது, ஒரே நாளில் நட்டு ஒரே வாரத்தில் குலை தள்ளிய கதலி நிரைகள் சில காணிகளில் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. குலை ஏறிய மரத்துக்குத்தான் தலைப்பாரம். எங்கள் வளவிலும் விழுந்தது. குலையோடு நின்ற கப்பல் போனது, ஆனைவாழை போனது. குலை தள்ளாத இளம் அடிகளும் குட்டை இனங்களும் கிழிந்த இலையோடு நின்றன, தையில் திரும்பக் குருத்து விட்டன. பல இனம் வைத்தால் புயல் வராது என்று நான் சொல்லவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் போகாது. ஏழை வீட்டுக்கு அது போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இனம் என்பது ஒருமுறை கிடைத்து அப்படியே இருப்பதும் அல்ல. புத்தளத்தில் இருந்து வந்த செவ்வாழையில் ஒரு வருடம் ஒரு குட்டி, தண்டில் சிவப்பு மங்கிப் பச்சைக் கோடு ஓட வந்தது. அதன் அடுத்த குட்டி முழுப் பச்சை. பழம் அதே பருமன், அதே மணம், தோல் மட்டும் மஞ்சள். செவ்வாழையில் இப்படிப் பச்சை திரும்புவது உலகெங்கும் கண்ட விடயம்தான். விதையில்லாத பயிரில் புதுமை இப்படித்தான், குட்டியின் உடம்பில் தானாக நேரும் சிறு மாற்றத்தால் வரும். அதைக் கண்டு பிரித்து நடுவதற்கு, தினமும் தண்ணீர் ஊற்றும்போது மரத்தைப் பார்க்கிற ஒரு ஆள் வேண்டும். காட்டு வாழையை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் ஆளும் அப்படிப் பார்த்த ஆள்தான். நான் அந்தப் பச்சையைத் தனி அடியாக வைத்திருக்கிறேன். மூன்று வீட்டுக்கும் போய்விட்டது.

முள்ளியவளை, தண்ணீரூற்று, குமுழமுனை, ஒட்டுசுட்டான், மாங்குளம், நெடுங்கேணிப் பக்கத்தில் இதை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கிணற்றடியிலோ அடுப்படிக்குப் பின்னாலோ, பெயர் தெரியாத, சந்தையில் யாரும் வாங்காத ஒரு வாழை நிற்கலாம். புதுக் கிணற்றுக் கட்டுக்காகவோ மதிலுக்காகவோ அதைத் தோண்டுவதற்கு முன் வீட்டில் வயதானவர்களிடம் அது எங்கிருந்து வந்தது, எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் இருக்கும் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். இலையை வெயிலில் பிடித்துப் பார்த்து, நோயில்லை என்றால், ஐப்பசி மழை தொடங்கும்போது வாள் இலைக் குட்டி இரண்டை எடுத்து, கிழங்கைச் சீவி, வேறு வேறு ஊரில் இருக்கும் இரண்டு வீடுகளுக்குக் கொடுங்கள்.